காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் வணிக நிறுவனங்கள்

ஐ.நா.வின் காலநிலை மாற்றக் கட்டமைப்பு உடன்படிக்கை அரசுகளுக்கு இடையிலானது. 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1994 மார்ச் 21 முதல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் கடமைப்பட்டிருப்பவை நாடுகள். ஆண்டுதோறும் கூடும் உறுப்பு நாடுகளின் மாநாட்டில், அதாவது ‘காப்’ கூட்டத்தில், முடிவெடுக்கும் உரிமையும் அவற்றுக்கே உண்டு. ஆனால் நாடுகள் குறைப்பதாக ஒப்புக்கொள்ளும் வாயுக்களில் பெரும்பகுதி நிறுவனங்களின் கொதிகலன்களிலிருந்தும் உலைகளிலிருந்தும், அவை தோண்டி விற்கும் எரிபொருளிலிருந்தும் வருகிறது. 1751 முதல் 2010 வரை தொழில்துறை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவற்றில் 63 விழுக்காட்டுக்கு வெறும் 90 உற்பத்தியாளர்களே மூலம் என்று ரிச்சர்ட் ஹீடே 2013இல் கணக்கிட்டுக் காட்டினார். எக்ஸான், ஷெல் போன்ற தனியார் நிறுவனங்களும், சவூதி அராம்கோ, கோல் இந்தியா போன்ற அரசு நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. மாற்று எரிசக்திக்கு வேண்டிய முதலீடும் தொழில்நுட்பமும்கூடப் பெருமளவு நிறுவனங்களிடமே இருக்கின்றன. பொறுப்பேற்றவை அரசுகள், செய்து முடிக்க வேண்டியவை நிறுவனங்கள் என்ற இந்த நிலையால்தான், முடிவெடுப்பதில் முறைப்படி இடமில்லாத ஒரு தரப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சுவார்த்தையின் போக்கைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

நிறுவனங்கள் மாநாட்டுக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பார்வையாளர் அமைப்பு என்ற தகுதி. உடன்படிக்கை அங்கீகரிக்கும் ஒன்பது பார்வையாளர் தொகுதிகளில் ‘வணிகமும் தொழிலும்’ என்பது மிகப் பழைய இரண்டில் ஒன்று. மற்றொன்று சுற்றுச்சூழல் அமைப்புகளுடையது. தனி நிறுவனம் நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது. தொழில் சங்கங்களின் பெயரில்தான் வரவேண்டும். அவற்றை ஒருங்கிணைப்பது பாரிஸில் தலைமையகம் கொண்ட சர்வதேச வணிக சம்மேளனம். இரண்டாவது வழி, ஒரு நாட்டின் அதிகாரபூர்வக் குழுவிலேயே இடம்பிடிப்பது. அப்படி வருபவருக்கு, பார்வையாளர்களுக்கு மூடப்படும் அறைகளும் திறந்திருக்கும். இவை இரண்டையும்விட வலுவான மூன்றாவது வழி மாநாட்டு வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. ஓர் அமைச்சர் விமானம் ஏறுவதற்கு முன்பே, எதை ஏற்கலாம் எதை ஏற்கக்கூடாது என்பது அவரது தலைநகரில் முடிவாகிவிடுகிறது. நிறுவனங்களின் செல்வாக்கு மிகுதியாகச் செயல்படுவது அங்கேதான். மாநாட்டுக் கூடத்தை மட்டும் பார்த்து எழுதப்படும் செய்திகளில் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

ரியோவுக்கு வந்தபோது அனைவர் மனத்திலும் இருந்த முன்னுதாரணம் ஓசோன் ஒப்பந்தம். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியலில் உடன்பாடு கண்டார்கள். அந்த வாயுக்களை உலகிலேயே அதிகமாகத் தயாரித்த டூபாண்ட் நிறுவனம் தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தது. 1986இல் சர்வதேசக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதாக அறிவித்தது. 1988இல் உற்பத்தியையே படிப்படியாக நிறுத்துவதாகச் சொன்னது. அறிவியல் சான்று வலுத்தது ஒரு காரணம். மாற்று வேதிப்பொருளைத் தயாரிக்கும் திறன் அதனிடமே இருந்ததும், அமெரிக்காவில் மட்டும் சட்டம் வந்தால் வெளிநாட்டுப் போட்டியாளர்களிடம் சந்தை போய்விடும் என்ற அச்சமும் மற்றக் காரணங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே விதி இருப்பது அதற்கு நன்மையாயிற்று. இந்த வெற்றியைக் காலநிலைக்கும் அப்படியே எதிர்பார்த்தவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. குளோரோஃபுளோரோகார்பனைத் தயாரித்தவை உலகில் சில நிறுவனங்களே. அவற்றின் வருவாயில் அது ஒரு பகுதி மட்டுமே. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்கோ அவைதாம் மொத்தத் தொழிலும்.

ரியோ மாநாட்டில் வணிகத்தின் குரலாக இருந்தவர் சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர் ஸ்டெஃபான் ஷ்மிட்ஹைனி. மாநாட்டுப் பொதுச்செயலர் மாரிஸ் ஸ்ட்ராங்கின் அழைப்பின் பேரில் அவர் பெருநிறுவனத் தலைவர்களைத் திரட்டி ஒரு குழு அமைத்தார். அதுவே 1995இல் மற்றோர் அமைப்புடன் இணைந்து வளங்குன்றா வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுவாயிற்று. தொழில்துறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், அரசு சரியான விலைச் சைகையைத் தந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். அதே 1992இல், பன்னாட்டு நிறுவனங்களுக்கு நடத்தை விதிகள் வகுக்க ஐ.நா.வில் பல்லாண்டுகள் நடந்த முயற்சி கைவிடப்பட்டது. அதற்கென இருந்த பன்னாட்டு நிறுவனங்கள் மையமும் மூடப்பட்டது. நிறுவனங்கள் மீது நேரடிக் கடமை எதையும் சுமத்தாமல் அவற்றைப் ‘பங்காளிகள்’ என்று அழைக்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. பின்னாளில் நடந்த பலவற்றின் விதை இதுவே.

இணக்கமான அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே வேறொரு அமைப்பு மூர்க்கமாக இயங்கியது. 1989இல் அமெரிக்காவில் உருவான உலகக் காலநிலைக் கூட்டணியில் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகன நிறுவனங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் உறுப்பினராக இருந்தன. பெயரைக் கேட்டால் காலநிலையைக் காக்க வந்த அமைப்பு என்றே தோன்றும். அதன் வேலை கட்டாயக் குறைப்பு இலக்குகள் வராமல் தடுப்பது. அறிவியல் உறுதியாகவில்லை, பொருளாதாரம் நொடியும், வளரும் நாடுகள் கட்டுப்படாதபோது அமெரிக்கா மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பவை அதன் மூன்று வாதங்கள். அறிவியல் பற்றிய வாதத்தில் அதற்கே நம்பிக்கை இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. பசுமைக்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை நன்கு நிறுவப்பட்டது, மறுக்க முடியாதது என்று அதன் சொந்த வல்லுநர்கள் 1995இலேயே எழுதிக்கொடுத்திருந்தனர். அந்த ஆவணம் 2009இல் வெளியானது. கூட்டணி உறுப்பினராக இருந்த எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1977 முதல் செய்த வெப்ப உயர்வுக் கணிப்புகள் பெரும்பாலும் துல்லியமாக இருந்ததை 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அறியாமையால் நேர்ந்த எதிர்ப்பு அல்ல அது. அறிந்தே வாங்கிய காலதாமதம். அந்தத் தாமதத்தின் விலையை அவர்கள் கொடுக்கவில்லை என்பதே இதில் மிகக் கசப்பான செய்தி.

மாநாட்டுக் கூடங்களில் இந்தத் தரப்பின் கை தெரிந்த விதமும் உண்டு. ரீகன் அரசில் பணியாற்றிய வழக்கறிஞர் டான் பெர்ல்மன், 1990களின் பேச்சுவார்த்தைகளில் எண்ணெய் வள நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஓயாமல் ஆலோசனை சொல்லிவந்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற நடைமுறையில், ஒரு சொல்லை எதிர்க்க ஒரே ஒரு நாடு கை தூக்கினால்கூடப் போதும். நிறுவனங்களுக்கு வாக்கு தேவைப்படாததன் காரணம் இதுதான்.

ஆனால் பெரிய வெற்றி வாஷிங்டனில் கிடைத்தது. 1997இல் கியோட்டோ மாநாட்டுக்கு முன் தொழில்துறை அமைப்புகள் 1.3 கோடி டாலர் செலவில் விளம்பரங்கள் வெளியிட்டன. அந்த ஜூலையில், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் அமெரிக்கா சேரக்கூடாது என்ற தீர்மானத்தை செனட் அவை 95–0 என்ற கணக்கில் நிறைவேற்றியது. டிசம்பர் 11 அன்று கியோட்டோ நெறிமுறை ஏற்கப்பட்டபோது அமெரிக்கக் குழு அதை ஒத்துக்கொண்டது உண்மை. அந்நாட்டைப் பொறுத்தவரை அது பிறக்கும்போதே முடங்கியிருந்ததும் உண்மை. கிளின்டன் அதை செனட்டுக்கு அனுப்பவே இல்லை. 2001 மார்ச்சில் ஜார்ஜ் புஷ் அரசு விலகியது. அந்த முடிவில் கூட்டணியின் கருத்துக்கும் பங்குண்டு என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே 2001இல் தயாரித்த ஒரு சந்திப்புக் குறிப்பில் எழுதப்பட்டிருந்தது.

வென்ற கூட்டணி அதற்குள் உடைய ஆரம்பித்திருந்தது. பி.பி. நிறுவனத் தலைவர் ஜான் பிரௌன் 1997 மே மாதம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, காலநிலை மாற்றத்தின் அபாயத்தை இனி ஒதுக்கிவைக்க முடியாது என்று அறிவித்தார். பி.பி. வெளியேறியது, அடுத்த ஆண்டு ஷெல், 1999இல் ஃபோர்டு, பிறகு டைம்லர்கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் என்று வரிசையாகக் கழன்றன. 2002இல் கூட்டணி கலைந்தது. வேறு பக்கத்திலிருந்தும் வணிகக் குரல்கள் எழுந்தன. புயலும் வெள்ளமும் பெருகினால் இழப்பீடு கொடுக்க வேண்டிய மியூனிக் ரீ, சுவிஸ் ரீ போன்ற மறுகாப்பீட்டு நிறுவனங்கள் குறைப்பை ஆதரித்தன. நிலக்கரி பின்வாங்கினால் சந்தை தமக்கு வரும் என்று கண்ட எரிவாயு நிறுவனங்களும், காற்றாலை, சூரியத் தகடு தயாரிப்பாளர்களும் தனிச் சங்கம் கண்டனர்.

இந்தப் பிளவை விளக்குவதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உற்பத்திச் சாதனங்களைக் கையில் வைத்திருப்பதால் வணிகத்துக்கு அரசியலில் இயல்பாகவே ஓர் உயர்நிலை உண்டு என்பது பழைய வாதம்: முதலீடு வெளியேறிவிடும் என்ற பயமே அரசைக் கட்டிப்போடும், நிறுவனம் வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை. டேவிட் லெவியும் பீட்டர் நியூவெல்லும் தொகுத்த ஆய்வுகள் அதோடு நிற்காமல், நிறுவனங்கள் விட்டுக்கொடுத்தும் கூட்டுச் சேர்ந்தும் தம் மேலாண்மையைப் புதுப்பித்துக்கொள்வதைக் காட்டுகின்றன. ராபர்ட் ஃபால்க்னர், வணிகத்துக்குள் உள்ள மோதலே சூழல் ஒப்பந்தங்களுக்கு இடம் உண்டாக்குகிறது என்று வாதிட்டார். காலநிலை வரலாற்றில் ஃபால்க்னரின் வாதத்துக்குச் சான்று நிறையவே கிடைக்கிறது. ஆயினும் ஒரு திருத்தம் தேவை. பிளவுபட்ட நிறுவனங்கள் எந்த வகை விதி வேண்டும் என்பதில் சண்டையிட்டன. கண்டிப்பான நேரடிக் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம், சந்தை வழி போதும் என்பதில் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றன.

கார்பன் சந்தை அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1990இன் தூய காற்றுச் சட்டத் திருத்தம் கந்தக டை ஆக்சைடுக்கு உருவாக்கிய உரிம வர்த்தகத்தை, அமெரிக்கப் பேச்சாளர்கள் கியோட்டோவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் சந்தேகத்துடன் பார்த்த ஐரோப்பா, 2005இல் உலகின் முதல் பெரிய கார்பன் சந்தையைத் தானே திறந்தது. பி.பி. அதற்கு முன்பே தன் கிளைகளுக்குள் உமிழ்வு வர்த்தகம் நடத்திப் பார்த்திருந்தது. 1999இல் சர்வதேச உமிழ்வு வர்த்தகச் சங்கம் தோன்றியது. அதன்பின் ஒவ்வொரு மாநாட்டுக்கும் மிகப் பெரிய வணிகக் குழுக்களில் ஒன்றை அனுப்பிவருகிறது. பாரிஸ் ஒப்பந்தத்தில் சந்தை பற்றிய ஆறாவது பிரிவு இடம்பெற்றதில் தங்களுக்கும் பங்குண்டு என்று ஷெல்லின் தலைமைக் காலநிலை ஆலோசகர் டேவிட் ஹோன் 2018இல் கடோவிட்சே மாநாட்டின்போது வெளிப்படையாகவே சொன்னார்.

கியோட்டோவின் தூய வளர்ச்சிச் செயல்முறை வழியாக இந்திய நிறுவனங்கள் இந்தக் கதைக்குள் வருகின்றன. வளரும் நாட்டில் உமிழ்வைக் குறைக்கும் திட்டத்தைப் பதிவுசெய்து, குறைந்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்று பெற்று, அதைப் பணக்கார நாட்டு நிறுவனத்துக்கு விற்கலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் பதிவாயின; சீனாவுக்கு அடுத்து மிகுதியானவை இந்தியாவுடையவை. தமிழ்நாட்டில் முப்பந்தல் முதலிய காற்றுக் கணவாய்ப் பகுதிகளில் நூற்பாலைகள் நிறுவிய காற்றாலைகளைத் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் ஒரே கட்டாகத் திரட்டிப் பதிவுசெய்தது. சிறு, நடுத்தர ஆலைகளுக்கும் உலக ஒப்பந்தத்தின் பலன் எட்டியது இதில் நல்ல அம்சம். ஆனால் வரிச்சலுகையும், மின்வெட்டும், உயர்ந்துவந்த மின்கட்டணமும் காற்றாலை நிறுவப் போதிய காரணங்களாக இருந்த ஊரில், சான்றுப் பணம் இல்லாவிட்டால் அந்தக் காற்றாலைகள் வந்திருக்காவா என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. வந்திருக்கும் என்றால், அந்தச் சான்றை வாங்கிய ஐரோப்பிய ஆலை தன் புகையைக் குறைக்காமலே இருக்க அனுமதி பெற்றுவிட்டது என்று பொருள்.

இதைவிடக் கேடான நிலை எச்.எஃப்.சி.-23 வாயுவில் நேர்ந்தது. குளிர்பதன வாயு தயாரிப்பில் துணையாக உண்டாகும் இது, ஒரு டன்னுக்கு 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது. அதை எரித்தழிப்பது மிக மலிவு. சீனாவிலும் இந்தியாவில் குஜராத், ராஜஸ்தானிலும் இருந்த சில ஆலைகள் சான்றுகளைக் குவித்தன. இந்த வாயுவை அழிக்க 10 கோடி யூரோவுக்கும் குறைவாகச் செலவாகும், ஆனால் அதற்கான சான்றுகளின் மதிப்பு 470 கோடி யூரோ என்று மைக்கேல் வாரா 2007இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கழிவை அழித்துக் கிடைத்த வருவாய் பெரிதாகிவிட்டதால், கழிவு உண்டாக வேண்டும் என்பதற்காகவே உற்பத்தி நடப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்தச் சான்றுகளைத் தன் சந்தையில் தடைசெய்தது. அதற்குள் சான்றின் விலையும் 2008இன் இருபது யூரோ உயரத்திலிருந்து ஒரு யூரோவுக்குக் கீழே சரிந்திருந்தது. விதியை எழுதுபவரைவிட அதில் ஆதாயம் தேடுபவர் கூர்மையாகப் படிப்பார் என்பதைப் பேச்சாளர்கள் மிகத் தாமதமாக உணர்ந்தார்கள்.

2009இல் கோபன்ஹேகன் பேச்சு தோற்ற பிறகு ஒப்பந்தத்தின் வடிவமே மாறியது. 2015 டிசம்பரில் பாரிஸில் நாடுகள் தத்தம் இலக்கைத் தாமே சொல்லும் முறை வந்தது. அதோடு, நிறுவனங்களும் நகரங்களும் ‘நாடல்லாத பங்குதாரர்’ என்ற பெயரில் அழைக்கப்பட்டன. அவற்றின் வாக்குறுதிகளைப் பதிய ஐ.நா. தளம் ஒன்றும் இருந்தது. அந்த ஆண்டு மே இறுதியில் பி.ஜி., பி.பி., ஏனி, ஷெல், ஸ்டாட்டாயில், டோட்டல் ஆகிய ஆறு ஐரோப்பிய எண்ணெய் நிறுவனங்கள் கார்பனுக்கு விலை வைக்கும்படி கடிதம் எழுதின. அமெரிக்காவின் எக்ஸான், செவ்ரான் சேரவில்லை. பில் கேட்ஸ் பாரிஸில் தொடங்கிய தூய எரிசக்தி முதலீட்டாளர் குழுவில் முகேஷ் அம்பானியும் ரத்தன் டாடாவும் இருந்தனர். இந்த ஆதரவு பொய்யல்ல. பெருநிறுவனங்கள் கேட்டதால்தான் தயங்கிய சில அரசுகளுக்குத் துணிவு வந்தது. ஆனால் நாடுகளுக்காவது குறிப்பிட்ட கால இடைவெளியில் கணக்குச் சொல்லும் கடமை இருக்கிறது. நிறுவனத்தின் வாக்குறுதிக்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதன் விளைவை நிதித்துறை காட்டியது. ஐ.நா. சிறப்புத் தூதராக இருந்த மார்க் கார்னி முன்னின்று அமைத்த நிகர பூஜ்ஜிய நிதிக் கூட்டணியின் நிறுவனங்கள் வசம், 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 130 லட்சம் கோடி டாலர் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் அரசியல் காற்று மாறியதும் 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் இடையில் அந்நாட்டின் ஆறு பெரிய வங்கிகள், அதன் கீழ் இயங்கிய வங்கிகளுக்கான கூட்டணியிலிருந்து விலகின. 2025 அக்டோபரில் அந்த வங்கிக் கூட்டணியே இயக்கத்தை நிறுத்தியது. காப்பீட்டாளர்களின் கூட்டணி அதற்கு முந்தைய ஆண்டே கலைந்திருந்தது. கேத்தரின் மெக்கென்னா தலைமையிலான ஐ.நா. வல்லுநர் குழு 2022லேயே எச்சரித்திருந்தது: புதிய எண்ணெய், நிலக்கரித் திட்டங்களில் முதலீடு செய்துகொண்டே நிகர பூஜ்ஜியம் பேச முடியாது, தன்னார்வ உறுதிமொழிகள் சட்டமாக மாற வேண்டும். அந்தப் பரிந்துரையைப் பெரும்பாலான அரசுகள் இன்னும் செயல்படுத்தவில்லை.

மாநாட்டு வளாகத்தில் நிறுவனங்களின் இருப்பு இதற்கிடையே வெகுவாகப் பெருகியது. 2013இல் வார்சா மாநாடு நடந்தபோதே அந்நகரில் உலக நிலக்கரிச் சங்கமும் தன் உச்சி மாநாட்டைக் கூட்டியது; உடன்படிக்கைச் செயலர் கிறிஸ்டியானா ஃபிகரெஸ் அங்கே போய், பெரும்பகுதி நிலக்கரியை நிலத்துக்குள்ளேயே விட்டுவிட வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கிளாஸ்கோவில் புதைபடிவ எரிபொருள் தரப்பைச் சேர்ந்த 503 பேரை ‘குளோபல் விட்னஸ்’ முதலிய அமைப்புகள் எண்ணின, 2022இல் 636, 2023இல் துபாயில் 2,456. இந்த ஏற்றத்தை அப்படியே செல்வாக்கின் அளவாகக் கொள்ளக்கூடாது. துபாய் மாநாடே அதுவரை காணாத அளவுக்குப் பெரியது. பதிவுசெய்வோர் தம் சார்பைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அந்த ஆண்டுதான் வந்ததால், முன்பு மறைந்திருந்தவர்களும் கணக்கில் வந்தார்கள்.

துபாய் மாநாட்டின் தலைவர் சுல்தான் அல் ஜாபர், அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் ஆவார். நிறுவனமும் அரசும் ஒரே ஆளாக மேடையில் அமர்ந்தது அதுவே முதல் முறை. மாநாடு முடியும் தறுவாயில், புதைபடிவ எரிபொருளைக் குறிவைக்கும் வாசகம் எதையும் ஏற்க வேண்டாம் என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் செயலர் அதன் உறுப்பு நாடுகளுக்கு எழுதிய கடிதம் வெளியானது. ஆயினும் எரிசக்தி அமைப்புகளில் புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்லுதல் என்ற சொற்கள் முதன்முறையாக இறுதி உரையில் இடம்பெற்றதும் அதே மாநாட்டில்தான். ஐம்பது எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் அங்கே ஒப்புக்கொண்ட சாசனம் தம் சொந்தச் செயல்பாடுகளின் உமிழ்வையும் மீத்தேன் கசிவையும் பற்றியது. தாங்கள் விற்கும் எரிபொருள் எரியும்போது வரும் புகையை, அதாவது பிரச்சினையின் பெரும்பங்கை, அது தொடவில்லை.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவன உடன்படிக்கை, கொள்கை வகுப்பதிலிருந்து புகையிலை நிறுவனங்களை விலக்கிவைக்கச் சொல்கிறது. காலநிலை உடன்படிக்கைக்கும் அத்தகைய முரண்நலன் விதி வேண்டும் என்று 2016 முதல் வளரும் நாடுகள் சில கேட்டபோது, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒத்துக்கொள்ளவில்லை. எரிசக்தி நிறுவனங்கள் இல்லாமல் எரிசக்தி மாற்றம் நடக்காது என்ற பதிலில் உண்மை இருக்கிறது. சிகரெட் இல்லாமல் வாழலாம், மின்சாரம் இல்லாமல் முடியாது. ஆனால் நிறைவேற்றும்போது நிறுவனம் வேண்டும் என்பதும், விதி எழுதும்போது அது மேசையருகே இருக்க வேண்டும் என்பதும் வேறு வேறு கூற்றுகள். இந்த இரண்டும் தொடர்ந்து குழப்பப்படுவதால் தீர்வு தள்ளிப்போகிறது. 2025இல் பெலேம் மாநாட்டுக்கு வந்த பார்வையாளர்களிடம் அவர்களுக்குப் பணம் தருபவர் யார் என்று கேட்கப்பட்டது. அரசுக் குழுக்களில் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இல்லை.

நிறுவனங்களின் போட்டி இப்போது வர்த்தக விதிகளின் வடிவில் பேச்சுவார்த்தைக்குள் நுழைந்துள்ளது. எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம் ஆகியவற்றின் இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணம், தம் ஆலைகள் மட்டும் கார்பன் விலை கொடுத்துத் தோற்கக்கூடாது என்பதற்காக வந்தது. 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்டது. இந்திய எஃகு ஏற்றுமதியாளருக்கு அது ஒரு சுங்கச் சுவர். இதைப் பேச்சுவார்த்தை நிரலில் சேர்க்க இந்தியாவும் சீனாவும் பலமுறை முயன்றதன் பயனாக, வர்த்தகம் பற்றிய உரையாடல்களை நடத்தப் பெலேமில் முடிவாயிற்று. அதே மாநாட்டின் முக்கிய முடிவில் புதைபடிவ எரிபொருள் என்ற சொல்லே இல்லை.

கப்பல் துறையில் காட்சி தலைகீழாக இருக்கிறது. கியோட்டோ நெறிமுறை கப்பல் போக்குவரத்தின் உமிழ்வை சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் விட்டது. அந்த அமைப்பு 2025 ஏப்ரலில், அளவுக்கு மேல் உமிழும் கப்பல்களுக்குக் கட்டணம் விதிக்கும் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாட்டுக்கு ஒரு விதி என்று திண்டாடுவதைவிட உலகுக்கே ஒரு விதி மேல் என்று சர்வதேசக் கப்பல் சம்மேளனம் அதை ஆதரித்தது. எதிர்த்தவை அரசுகள். அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் முன்னின்று, 2025 அக்டோபரில் இறுதி வாக்கெடுப்பை ஓராண்டு தள்ளிவைக்கச் செய்தன.